ஆள் வேறு, இடம் வேறு: பல்கலைக்கழகத்தில் நியமனமும் நிர்வாக மாற்றமும் நடக்கும் விதம்

பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஏதாவது கையில் கிடைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பதற்கு முன் கடைசி வரியைப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே 'பதிவாளர்' என்று அச்சடித்திருக்கும். பல நேரம் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரே ஓர் எழுத்தும் இருக்கும்: (பொ).

பொறுப்பு என்பதன் சுருக்கம் அது. பதிவாளர் என்ற நாற்காலி இருக்கிறது, ஆனால் அதற்கென்று முறைப்படி தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்று பொருள். ஏதோ ஒரு துறையில் பேராசிரியராக இருப்பவர் தன் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சொந்த இடம் அந்தத் துறையில் இருக்கிறது. இங்கே அவர் விருந்தாளி.

நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில், எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில், பல வருடம் கோப்பு தள்ளியவன். ஊழியர்களின் நியமனம், பதவி உயர்வு, விடுப்பு, ஓய்வு எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் கண்காணிப்பாளர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, இங்க ஆள் வேற, இடம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத." அன்றைக்குப் புரியவில்லை. பிறகு பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி அந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவைதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இடம் என்றால் என்ன?

கடையில் ஆள் தேவைப்பட்டால் முதலாளி ஒருவரைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வா என்று சொல்லிவிடலாம். பல்கலைக்கழகத்தில் அது நடக்காது. முதலில் 'பணியிடம்' என்ற ஒன்று காகிதத்தில் பிறக்க வேண்டும். இன்ன துறையில், இன்ன பதவியில், இன்ன ஊதிய நிலையில் ஓர் இடம் என்று ஆணை இருக்க வேண்டும். இதைத்தான் அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்பார்கள். அந்த இடத்தில் ஆள் உட்கார்ந்தால் நிரப்பப்பட்ட பணியிடம், இல்லையென்றால் காலிப்பணியிடம். பேராசிரியர் ஓய்வு பெற்றால் ஆள்தான் போகிறார், இடம் அங்கேயே நிற்கும்.

இடத்தை உருவாக்குவது யார்? மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். துணைவேந்தர் தலைமையில், உயர்கல்வித் துறைச் செயலர் போன்ற அரசு அதிகாரிகள், ஆசிரியர்களின் பிரதிநிதிகள், வேந்தர் (அதாவது ஆளுநர்) நியமிப்பவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். சம்பளம் அரசு மானியத்திலிருந்து வர வேண்டுமானால் அரசின் இசைவும் வேண்டும். இசைவு இல்லாமல் ஆளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், உடனே ஒன்றும் ஆகாது. சம்பளம்கூடப் போகும். இரண்டு வருடம் கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, 'அனுமதியற்ற பணியிடத்துக்கு வழங்கப்பட்ட ஊதியம்' என்று ஒரு பத்தி எழுதுவார்கள். அதற்குப் பேர் தணிக்கைத் தடை. அந்த ஊழியர் ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பத்தி அவரை விடாது.

இதில் இன்னொரு வகையும் உண்டு. ஐந்தாண்டுத் திட்டங்கள் இருந்த காலத்தில், யூ.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு சில பணியிடங்களைத் திட்டக்காலம் முடிகிறவரை தானே பணம் கொடுத்துத் தரும். அதற்குப் பிறகு மாநில அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. திட்டம் முடிந்தபின் அந்தப் பேச்சை யார் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பல துறைகளின் தலையெழுத்து அமைந்தது. 2017-இல் 12-ஆவது திட்டத்தோடு ஐந்தாண்டுத் திட்டமுறையே முடிந்துவிட்டது.

தொடங்கும்போதே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசு கலைக்கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. தேர்ந்தெடுக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையில் சேர வேண்டுமானால் பல்கலைக்கழகமே விளம்பரம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும். இரண்டும் தனித்தனி வாசல். 'யுனிவர்சிட்டி வேலைக்கு டி.ஆர்.பி. எப்ப வரும்?' என்று இன்னமும் கேட்கிறார்கள். வராது.

தேர்வு நாள்

ஆசிரியர் நியமனத்துக்கு அடிப்படை யூ.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை. உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 விழுக்காடு, அதோடு நெட் அல்லது செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது விதிப்படி பெற்ற முனைவர் பட்டம். பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று வைத்திருந்ததை 2023 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டத்தோடு எட்டு ஆண்டு அனுபவமும் ஏழு வெளியீடுகளும், பேராசிரியருக்குப் பத்து ஆண்டும் பத்து வெளியீடுகளும் வேண்டும். உதவிப் பேராசிரியராக உள்ளே வந்தால் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில், 57,700 ரூபாய்.

தேர்வுக்குழுவுக்குத் துணைவேந்தர் தலைவர். வேந்தர் நியமிக்கும் கல்வியாளர் ஒருவர், வெளியிலிருந்து பாட வல்லுநர்கள் மூவர், புலத்தலைவர் (டீன்), துறைத்தலைவர் இருப்பார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய பிரிவுகளிலிருந்து யாராவது விண்ணப்பித்திருந்து, குழுவில் அந்தப் பிரிவினர் இல்லையென்றால், அதற்காக ஒருவரையும் சேர்க்க வேண்டும். குறைந்தது நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், அதில் இரண்டு பேராவது வெளி வல்லுநர்களாக இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்குமுறையில் வெளியில் பலருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பத்தோடு தரும் மதிப்பெண் கணக்கெல்லாம் (முனைவர் பட்டத்துக்கு 30, வெளியீடுகளுக்கு 10, அனுபவத்துக்கு 10 என்று போகும்) நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று வடிகட்டத்தான். கூப்பிட்ட பிறகு அந்தக் கணக்கு செத்துவிடும். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்து மட்டுமே. நூற்றுக்கு எண்பது வாங்கி உள்ளே போனவரும் ஐம்பத்தைந்தில் உள்ளே போனவரும் கதவைத் தாண்டியதும் சமம். இது சரியா என்று கேட்டால், எனக்குச் சரியென்று படவில்லை. பத்து வருட உழைப்பைக் கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றிவிட்டுப் போகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பாடம் நடத்தத் தெரியாத ஆராய்ச்சியாளர்களைச் சகித்த துறைத்தலைவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

நேர்காணல் முடிந்ததும் குழு அங்கேயே பட்டியலில் கையெழுத்திட்டு உறையில் போட்டு அரக்கு வைக்கும். சிண்டிகேட் கூட்டத்தில் உறை பிரியும். ஒப்புதல் கிடைத்தபின்தான் நியமன ஆணை. உறை பிரியும் அன்று எங்கள் செக்ஷனில் ஒருவரும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார்கள். இத்தனை பேர் வெளியே நின்று போன் பண்ணிக்கொண்டிருந்தால் சாப்பாடு எங்கே இறங்கும்!

இனச்சுழற்சி என்னும் கோடு போட்ட நோட்டு

யாரை எடுப்பது என்று முடிவாவதற்கு முன்பே, எந்தப் பிரிவிலிருந்து எடுப்பது என்பது முடிவாகியிருக்கும். முடிவு செய்வது மனிதர் அல்ல, ஒரு நோட்டு. இனச்சுழற்சிப் பதிவேடு. ஆங்கிலத்திலேயே ரோஸ்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம்.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப்பிரிவு. இதை நூறு வரிசையில் அடுக்க முடியாது, இருபத்தாறரை ஆளை எப்படி நியமிப்பது? ஆகவே 200 எண்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 53, முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 40, ஆதிதிராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2, பொதுவுக்கு 62. எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்பது அரசாணையிலேயே அச்சாகியிருக்கிறது. போன முறை நியமனம் எந்த எண்ணில் நின்றதோ, இந்த முறை அதற்கடுத்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குள்ளேயே பெண்களுக்கு 30 விழுக்காடு, மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு என்று குறுக்கே ஓடும் ஒதுக்கீடுகளும் உண்டு.

பார்வைக்கு அந்த நோட்டு ரேஷன் கடைப் பதிவேட்டைவிடப் பழசாக இருக்கும். சுழற்சி எண், பிரிவு, நியமிக்கப்பட்டவர் பெயர், சேர்ந்த நாள், குறிப்பு என்று கட்டம். ஒவ்வொரு வரிக்கும் அதிகாரியின் சுருக்கொப்பம். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் பழைய நோட்டு முடிந்து புது நோட்டு போட்டபோது ஓர் எண்ணைத் தவறுதலாக இரண்டு முறை எழுதிவிட்டார்கள். அப்போது யார் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பின் வந்த நியமனங்கள் எல்லாம் ஓர் எண் தள்ளிப் போயின. கிடைக்காமல் போன ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்து, வழக்குப் போட்டார். வேலையில் சேர்ந்து ஏழு வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு எல்லாம் நோட்டீஸ் போனது. கைப்பிழை யாருடையதோ, தூக்கம் போனது யாருக்கோ.

சரி, இந்த நோட்டு துறைக்கு ஒன்றா, பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒன்றா? கேட்பதற்குக் குமாஸ்தாத்தனமான கேள்விதான். ஆனால் நாட்டையே உலுக்கிய கேள்வி.

மத்தியப் பல்கலைக்கழகக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. நூறை 27-ஆல் வகுத்தால் 3.7, ஆகவே நான்காவது இடம் முதலாவதாக அவர்களுக்கு வரும். 15-ஆல் வகுத்தால் 6.67, தாழ்த்தப்பட்டோருக்கு ஏழாவது இடம். 7.5-ஆல் வகுத்தால் 13.33, பழங்குடியினருக்குப் பதினான்காவது. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்தால், நூற்றுக்கணக்கான பணியிடங்களில் இந்த எண்கள் தாமாக வந்துவிடும். துறையை அலகாக வைத்தால்? ஆறு பேர் உள்ள தத்துவத் துறையில் ஏழாவது இடமே இல்லை. பதின்மூன்று பேர் வரை உள்ள துறையில் முதல் சுற்றில் பழங்குடியினருக்கு ஒன்றும் வராது. பேராசிரியர் பதவி இன்னும் மோசம். ஒரு துறைக்கு ஒன்றிரண்டு பேராசிரியர் இடங்கள்தான் இருக்கும், நான்காவது எண்ணே எட்டாது.

2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைதான் அலகு என்றது. 2018 மார்ச்சில் யூ.ஜி.சி. அதன்படி சுற்றறிக்கை விட்டது. போராட்டங்கள் வெடித்தன. பதின்மூன்று இடம் வரை உள்ள சிறு துறைகளுக்கான சுழற்சியைக் குறிக்கும் '13 பாயிண்ட் ரோஸ்டர்' என்ற சொல் அப்போதுதான் செய்தித்தாளுக்கு வந்தது. 2019-இல் முதலில் அவசரச் சட்டமும், அப்புறம் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று ஆக்கின. இந்த அலகு மாற்றத்துக்காக அரசியலமைப்பில் ஒரு வார்த்தையும் மாறவில்லை, இந்த மூன்று பிரிவினரின் ஒதுக்கீட்டு விழுக்காடும் மாறவில்லை. எத்தனை நோட்டுப் போடுவது என்பது மட்டும் மாறியது.

இடம் இருக்கிறது, ஆள் இல்லை

நியமனம் இவ்வளவு சிக்கல் என்பதால், தள்ளிப்போடுவது எளிது. காலிப்பணியிடங்கள் அப்படித்தான் சேருகின்றன. ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்களே! அதற்குத்தான் கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதியப் பணியாளர், தற்காலிக உதவிப் பேராசிரியர் என்று பல பெயர்கள். 'கௌரவ' என்ற சொல்லை இந்த இடத்தில் போட்டவர் யாரென்று தெரியவில்லை, நகைச்சுவை உணர்வு நிறைந்தவராக இருக்க வேண்டும்.

யூ.ஜி.சி. 2019 ஜனவரியில் சொன்னது, வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நடைமுறையில் பல இடங்களில் இதில் பாதிதான். இவர்கள் இடத்தில் உட்கார்ந்தவர்கள் அல்ல, இடம் காலியாக இருக்கும்போது வேலையைச் செய்பவர்கள். பதினைந்து வருடம் செய்தாலும் அந்த இடம் அவர்களுடையதாகிவிடாது. 'இத்தனை வருஷம் வேலை பார்த்தேன், நிரந்தரம் பண்ணுங்க' என்று வழக்குப் போடுகிறவர்களிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். அனுமதிக்கப்பட்ட பணியிடமா? விளம்பரம் வந்ததா? இனச்சுழற்சி பின்பற்றப்பட்டதா? 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கொடுத்த தீர்ப்பு, பின்வாசல் நியமனத்தை நிரந்தரமாக்கக் கூடாது என்றது. அதிலேயே, முறையான பணியிடத்தில் நீதிமன்றத் துணையில்லாமல் பத்து வருடம் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒருமுறை சலுகை தரச் சொன்னது. அந்த ஒரு பத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் இன்னும் படியேறுகிறார்கள்.

அலுவலர் பதவிகளிலும் இதே கதை. பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர் மூன்றும் நிர்வாகத்தின் மூன்று கால்கள். நிதி அலுவலர் பெரும்பாலும் அரசின் நிதி அல்லது தணிக்கைத் துறையிலிருந்து அயற்பணியில் (டெபுடேஷனில்) வருவார். மற்ற இரண்டும் பேராசிரியர்களிடம் 'கூடுதல் பொறுப்பாக' வருடக்கணக்கில் கிடக்கும். பொறுப்பு அலுவலர் அன்றாட வேலைகளைத் தள்ளிவிடுவார். எதிர்ப்பு வரக்கூடிய முடிவை எடுக்க மாட்டார். நாளைக்கு ஒரு வரியில் ஆணை வந்தால் துறைக்குத் திரும்ப வேண்டியவர், எதற்காகச் சண்டை வாங்குவார்? பொறுப்பு என்று பேர், ஆனால் பொறுப்பேற்க முடியாத நாற்காலி.

எல்லாவற்றுக்கும் மேலே உள்ள நாற்காலி காலியானால் கீழே உள்ள எதுவும் நிரம்பாது. ஆசிரியர் தேர்வுக்குழுவுக்குத் துணைவேந்தர் தலைவர் என்று சொன்னேன் அல்லவா? துணைவேந்தர் இல்லையென்றால் நேர்காணல் இல்லை. சிண்டிகேட் தன் உறுப்பினர்களை வைத்து ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைக்கும், உயர்கல்விச் செயலர் அதற்குத் தலைவராக இருந்து கையெழுத்துப் போடுவார். கோட்டையில் நூறு கோப்பு பார்ப்பவருக்கு இது நூற்றோராவது.

துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் முறை சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி எளிமையானதுதான். செனட் எனப்படும் பல்கலைக்கழகப் பெருமன்றம் ஒருவரை, சிண்டிகேட் ஒருவரை, வேந்தர் ஒருவரை நியமிப்பார்கள். இந்த மூவர் கொண்ட தேடுதல் குழு மூன்று பெயர்களைத் தரும். வேந்தரான ஆளுநர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். மூன்றாண்டுப் பதவிக்காலம். யூ.ஜி.சி. 2018 ஒழுங்குமுறையோ, தேடுதல் குழுவில் யூ.ஜி.சி. தலைவரின் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து பெயர் வரை தர வேண்டும் என்கிறது. கேரளத்தில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தேடுதல் குழு ஒரே ஒரு பெயரைத்தான் கொடுத்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனமே செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு யூ.ஜி.சி. பிரதிநிதி என்ற அந்த ஒற்றை நாற்காலி எல்லா மாநிலத்திலும் கனமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஆளுநர் அந்தப் பிரதிநிதி வேண்டும் என்றார், அரசு மாநிலச் சட்டத்தில் இல்லையே என்றது. 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் வரவில்லை. நியமன அதிகாரத்தை அரசுக்கே தரும் மசோதாக்களைச் சட்டப்பேரவை 2022-இலேயே நிறைவேற்றத் தொடங்கியிருந்தது. ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-இல் தீர்ப்பளித்தது. மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்பது பெரிய விவாதம். செக்ஷனில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: மேலே இருவர் கதவுக்கு இரு பக்கமும் நின்று இழுத்துக்கொண்டிருக்கும்போது, கீழே உதவிப் பேராசிரியர் விளம்பரக் கோப்பு நகராது.

ஆள் இருக்கிறார், இடம் இல்லை

நிர்வாக மறுசீரமைப்பு என்றால் நாற்காலிகளை மாற்றிப் போடுவது. துறைகளைச் சேர்ப்பது, பல்கலைக்கழகத்தைப் பிரிப்பது, பிரித்ததை ஒட்டுவது எல்லாம் இதில் அடங்கும். பிரிப்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான வேலை. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1966-இல் மதுரை, 1982-இல் கோவை பாரதியாரும் திருச்சி பாரதிதாசனும், மதுரையிலிருந்து 1990-இல் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் என்று கிளை விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பிரிக்கும்போது யாருக்கும் வருத்தம் இருக்காது. புதுப் பல்கலைக்கழகம் என்றால் புதுத் துணைவேந்தர், புதுப் பதிவாளர், புது உதவிப் பதிவாளர்கள். பதவி உயர்வு ஊற்றெடுக்கும்.

ஒட்டும்போதுதான் வலிக்கும். அண்ணா பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் எனப்படும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து 1978-இல் உருவானது. 2001-இலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. சுமை அதிகம் என்று 2007-இலிருந்து திருச்சி, கோயம்புத்தூர், திருநெல்வேலி, அப்புறம் மதுரை என்று தனித்தனி அண்ணா பல்கலைக்கழகங்கள் பிறந்தன. 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். ஐந்தே வருடம்.

இப்படி ஒட்டும்போது பணிமூப்புப் பட்டியலில் என்ன நடக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த இருவர். ஒருவர் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே இருந்துவிட்டார், அங்கே வரிசை நீளம், இன்னும் உதவியாளர். இன்னொருவர் புதிய இடத்துக்குப் போனார், அங்கே ஆள் குறைவு, நான்கு வருடத்தில் கண்காணிப்பாளர். இப்போது இரண்டு பட்டியலையும் சேர்க்க வேண்டும். சேர்ந்த நாளை வைத்தால் போனவர் பதவி உயர்வை இழக்க வேண்டும், பதவி உயர்வு நாளை வைத்தால் இருந்தவர் தன்னோடு சேர்ந்தவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். எதை வைத்தாலும் ஒருவர் வக்கீலைப் பார்க்கப் போவார். அதனால்தான் பிரிக்கும் சட்டங்களில், ஊழியர் யாருக்குச் சொந்தம், விருப்பம் தெரிவிக்க எவ்வளவு அவகாசம், பழைய பணிக்காலம் சேருமா என்று தனிப் பிரிவுகளே எழுதுகிறார்கள். பத்திரிகைகள் பல்கலைக்கழகத்தின் புதுப் பெயரைத் தலைப்பாக்கும். ஊழியர்கள் நேராக அந்தப் பிரிவுக்குத் தாவுவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய பாடம் சிதம்பரத்தில் இருக்கிறது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், நிறுவனர் குடும்பத்தினர் இணைவேந்தராக இருந்து நிர்வாகத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்தார்கள். தொலைநிலைக் கல்வியில் நாடெங்கும் மாணவர்களைச் சேர்த்து வருமானம் பார்த்த பல்கலைக்கழகம் அது. அந்த வருமானத்தை நம்பி ஆட்களும் சேர்ந்துகொண்டே போனார்கள். ஆசிரியர், ஆசிரியரல்லாதவர் என்று மொத்தம் 12,000-க்கும் மேல். பணம் வற்றியபோது 2012 கடைசியில் ஊதியக் குறைப்புப் பேச்சு எழுந்தது, ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு புதிய சட்டம் வந்து பல்கலைக்கழகம் அரசின் பிடிக்குள் முழுமையாக வந்தது.

வந்தபின் செய்த முதல் வேலை, எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை எழுத்தர் என்று விதிமுறைப்படி கணக்கிட்டு, எவ்வளவு இடம் தேவை என்று பார்ப்பது. ஆட்கள் ஆயிரக்கணக்கில் மிஞ்சினார்கள். இவர்கள் மிகைப் பணியாளர்கள். வீட்டுக்கு அனுப்பினால் ஊரே எரியும். ஆகவே 'பணி நிரவல்' என்ற வழியை எடுத்தார்கள். ஆள் குறைவான அரசு கலைக்கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்கள் போனார்கள். ஆசிரியரல்லாத ஊழியர்கள் மாநிலம் முழுவதும் பலவகை அரசு அலுவலகங்களுக்குப் போனார்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி பிற்பாடு சுகாதாரத் துறையின்கீழ் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. 2021-இல் விழுப்புரத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தை இதோடு இணைத்து, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரிகளையும் இதன்கீழ் கொண்டுவந்தார்கள். அதுவரை இணைப்புக் கல்லூரிகள் இல்லாமல் ஒரே வளாகமாக இருந்த பல்கலைக்கழகத்துக்கு அது புது வேலை.

நிரவல் நல்ல தீர்வா? வேலை போகவில்லை என்ற வகையில் பெரிய ஆறுதல். ஆனால் நிரவலில் போகிறவர் தன் இடத்தைக் கூட எடுத்துக்கொண்டு போவதில்லை. அவருக்குப் பழைய இடத்தின்மேல் உள்ள உரிமையை லீன் என்பார்கள். உட்கார்ந்திருப்பது ஓர் அலுவலகம், லீன் வேறோர் அலுவலகம், சம்பளம் வரும் கணக்குத் தலைப்பு மூன்றாவது. பதவி உயர்வு எந்தப் பட்டியலில் வரும்? விடுப்பை யார் அனுமதிப்பது? போன இடத்தில் இவரை 'யுனிவர்சிட்டிக்காரர்' என்பார்கள். திரும்பிப் போனால் இவர் மேசையில் வேறொருவர் இருப்பார்.

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், வேறொரு நிறுவனத்தில், இப்படி மூன்று அலுவலகம் மாறிவிட்டார். வருடா வருடம் ஊதிய உயர்வு மாதத்தில் அவருக்கு ஒரே தலைவலி. பணிப்பதிவேடு தாய் அலுவலகத்தின் பீரோவில் இருக்கும், உயர்வைப் பதிய வேண்டிய அதிகாரி இன்னோர் ஊரில் இருப்பார். ஒரு தடவை விடுப்பு போட்டுப் பஸ் ஏறிப் போய்த் தானே தேடி எடுத்தார். முதல் பக்கத்தில் சேர்ந்த நாள், உயரம், 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்ற அங்க அடையாளம், ஐந்து விரல் ரேகை, எல்லாம் மங்காமல் அப்படியே இருந்தன. பணியிடம் என்ற கட்டத்தில்தான் மூன்று ஊர்ப் பெயர், மூன்று வெவ்வேறு மையில், ஒன்றின்மேல் ஒன்றாக எழுதி அடித்திருந்தது.